"பிள்ளை தூங்கும்போது வரையலாமே" என்கிறவர்களுக்கு

2024 மே 26

சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு படம் வரைய நேரம் கிடைப்பதில்லை என்று நான் சொன்னதற்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டதை அப்படியே தருகிறேன்: "மனசு இருந்தா நேரம் தானா வரும். ஒரு வயசுப் பிள்ளை பகல்ல ரெண்டு மூணு மணி நேரம் தூங்கும்லா? அப்போ உக்காந்து வரைஞ்சா மாசத்துக்கு நாலு படம் முடிஞ்சிரும். பிள்ளையைச் சாக்கு சொல்லாதீங்க."

பிள்ளையின் தூக்கத்தை நம்பி ஒரு வேலையும் தொடங்க முடியாது. அதுதான் என் பதில்.

நான் போட்டுக்கொண்டிருந்தது வாட்டர்கலர். வானத்துக்கு ஒரு வாஷ் (தண்ணீர் கலந்த வண்ணப் பூச்சு) கொடுக்கிறோம் என்றால் மேலிருந்து கீழ்வரை ஈரம் காயாமல் ஒரே மூச்சில் இழுத்து வர வேண்டும். பாதியில் எழுந்தால் நின்ற இடத்தில் விளிம்பு காய்ந்து கோடு விழுந்துவிடும். அப்புறம் எத்தனை முறை தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலும் அது முழுசாகப் போகாது. பாளையங்கோட்டையில் மே மாதத்து மத்தியானம், மேலே ஃபேன் ஓடுகிறது, தாளில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? ஃபேனை நிறுத்தினால் பிள்ளை முழித்துவிடுவான்.

சரி, பிள்ளை முழிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கை தாளில் இருக்கும், காது தொட்டிலில் இருக்கும். தொட்டில் கம்பி லேசாகக் கிறீச்சிட்டாலும் தோள் இறுகும். அப்போது வருகிற கோடும் இறுக்கமாகத்தான் வரும். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட படங்களை இப்போது போட்டதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கையெழுத்து மாறியதுபோல அது தெரிகிறது. குளிப்பதும், சாப்பிடுவதும், துணி காயப்போடுவதும் அதே தூக்க நேரத்தில்தான். அந்த வரிசையில் படம் கடைசியாக நிற்கிறது.

2024 மே 27

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வயசுக்கும் ஒன்றரை வயசுக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு ரெண்டு பகல் தூக்கம் ஒன்றாகிவிடும். காலைத் தூக்கம் ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அதை நம்பித் திட்டம் போட்டவள் பாடு திண்டாட்டம்தான். என் மகன் இப்போது அந்த வயசில்தான் இருக்கிறான்.

2024 ஜூன் 16

"வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" என்று ரெண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

காற்றாலையில் வேலை, பணகுடிப் பக்கம். வைகாசிக் கடைசியில் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்க ஆரம்பித்தால் புரட்டாசிவரை அவருக்கு நாள் கிழமை கிடையாது. வருஷத்து உற்பத்தியில் பெரும்பங்கு இந்த மாசங்களில்தான் கிடைக்கும். அதனால் ஒரு மெஷின் நின்றால் உடனே போக வேண்டும். காற்று ரொம்பக் கூடினால் கோபுரத்தில் ஏறவும் விடமாட்டார்கள். அது அடங்கும்வரை கீழே வேனில் காத்திருக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு வருகிறவரிடம் "பிள்ளையைப் பிடிங்க, நான் வரையப் போகிறேன்" என்று எப்படிச் சொல்வது? வந்ததும் காதுக்குள் இன்னும் காற்று இரைகிறது என்பார்.

ஐப்பசியிலிருந்து மாசிவரை அவர் வேறு மனிதர். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பார். எங்கள் வீட்டில் என் படம் காற்றைப் பார்த்து நடக்கிறது. விவசாய வீடுகளிலும், சிவகாசிப் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலும், ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒரு சீசன் கட்டாயம் இருக்கும். "தினமும் அரை மணி நேரம்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறார்கள்.

2024 ஜூலை 7

வாட்டர்கலர் டப்பாவைப் பரணில் வைத்துவிட்டேன். இதைத் தோல்வி என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். டப்பாவில் காட்மியம் கலந்த சிவப்பும் மஞ்சளும் இருக்கின்றன, மகனோ கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயசில் இருக்கிறான். அந்தக் காரணம் ஒன்றே போதும்.

இப்போது பால்பாயிண்ட் பேனா. மேலே அமுக்குகிற பேனா, மூடி கிடையாது. மூடி இருந்தால் அது தொலையும், இல்லையென்றால் பிள்ளை வாய்க்குப் போகும். பால் பேனாவைப் பற்றி நல்லதாக யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். கையை லேசாக வைத்தால் பென்சில் மாதிரி வெளிறிய கோடு வரும். அழுத்தினால் கருநீலம். ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டே போனால் நிழல் கட்டும். முக்கியமான சங்கதி, எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒன்றும் கெடாது. பிள்ளை அழுதால் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து, ரெண்டு நாள் கழித்து அதே கோட்டின் நுனியிலிருந்து தொடரலாம்.

எதை வரைகிறேன் என்றால், தாமிரபரணி மேல் நிற்கிற சுலோச்சன முதலியார் பாலம். ஒன்றே போன்ற 11 வளைவுகள். ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு வளைவு, முடியாவிட்டால் ஒரு தூண். கொக்கிரகுளம் பக்கமிருந்து போனில் எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு வீட்டில் வரைகிறேன். முழுப் படத்தையும் மண்டைக்குள் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. "நாலாவது வளைவு, இடது பக்கம், கல் வரிசை பாக்கி" என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு எழுந்துவிடுகிறேன். திரும்ப வந்து உட்காரும்போது எங்கே விட்டோம் என்று முழிக்க வேண்டாம். முன்பெல்லாம் கிடைத்த அரை மணி நேரத்தில் பாதி அந்த முழிப்பிலேயே போகும்.

2024 ஜூலை 8

பாலத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: 1843-இல் கட்டி முடித்தது. நீளம் 760 அடி. அதற்கு முன்னால் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார். மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பாலத்துக்கு அந்த அம்மாள் பெயரும் சேர்ந்திருக்கலாம் என்று ஐந்தாவது வளைவு போடும்போது நினைத்துக்கொண்டேன்.

மகள் (நாலரை வயசு) கேட்கிறாள்: "பாலத்துக்கு எத்தன கால்மா? எல்லாக் காலும் தண்ணிக்குள்ள நின்னா சளி பிடிக்காதா?"

2024 ஆகஸ்ட் 18

போன வாரம் ஒரு கல்யாணப் பாய் சொல்லப் பத்தமடை போயிருந்தோம். மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு நெய்து கொடுப்பார்கள் அல்லவா, அது. நெய்கிற அக்கா வீட்டிலேயே தறி. தரையோடு தரையாகக் கிடக்கிறது. பக்கத்தில் தொட்டில், அதில் எட்டு மாசப் பிள்ளை. நனைத்த கோரையை ஒவ்வொன்றாக, நீளவாட்டில் கட்டிய பாவு நூலுக்கு ஊடே விட்டு, அச்சுக் கட்டையை இழுத்து அடிக்கிறார். தலைமுடி போலக் கீறிய கோரை. பட்டுப் பாய் என்றால் ஒரு பாய்க்கு வாரக்கணக்காகும். பிள்ளை சிணுங்கியதும் கையில் இருந்த கோரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, பால் கொடுத்து, படுக்கப்போட்டுவிட்டு, வந்து அதே இழையில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சலிப்பு இல்லை.

"வேலை கெடாதாக்கா?" என்றேன்.

"பாய் எங்கம்மா போவுது? கிடக்கும். கோர காஞ்சா தண்ணி தெளிச்சிக்கிடலாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். கோலம், பாய், பூக்கட்டு, ஒயர்கூடை என்று நம் பக்கத்துப் பெண்கள் கையில் நின்ற கலைகள் எல்லாமே பாதியில் விட்டுவிட்டு எழக்கூடியவை. எழாமல் இருக்க முடியாதவர்கள் கையில் அந்த மாதிரிக் கலைகள்தான் தங்கியிருக்கும்.

2024 ஆகஸ்ட் 20

முந்தாநாள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூத்துக்குடி வாசகி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "அப்போ நாவல் எழுத வேண்டாம், பாட்டுக் கச்சேரி வேண்டாம், பெண்கள் பாயும் கூடையும் முடைந்தால் போதும் என்கிறீர்களா?"

அவர் கோபம் நியாயம். அந்தப் பாய்க்கார அக்காவையும் எனக்கு முன்மாதிரியாக வைக்கக் கூடாது. அவர் நெய்வது வீட்டுக்கு வருமானம். அவர் தறியில் உட்கார்ந்தால் "எதுக்கு உட்கார்ந்திருக்கே?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் நெய்யாமல் இருந்தால்தான் கேட்பார்கள். நான் பால் பேனாவோடு உட்கார்ந்தால் கேட்காதவர்கள் இல்லை.

நிறுத்தி நிறுத்திச் செய்கிற வேலை இந்த ரெண்டு மூன்று வருஷத்தைக் கடக்க ஒரு வழி, அவ்வளவுதான். வாட்டர்கலரைப் பரணில்தான் வைத்திருக்கிறேன், பழைய சாமான் கடைக்குப் போடவில்லை. முழுசாக ஒரு வானம் போட எனக்குத் தடையில்லாத ஒன்றரை மணி நேரம் வேண்டும். நாவல் எழுதுகிறவருக்கு அதைவிட அதிகம் வேண்டும். அந்த மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதுதான் இங்கே யாரும் பேசாத விஷயம்.

2024 அக்டோபர் 14

தசரா முடிந்தது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு தசராவுக்கு வரையாமல் இருக்க முடியுமா? 12 அம்மன் சப்பரங்களும் எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரத்துக்கு வந்து வரிசையாக நிற்கும்போது, லைட்டும் பூவும் கொட்டும் சேர்ந்து கண் நிறைந்துவிடும். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றே கிறுக்கினேன். மகன் இடுப்பில் இருந்தான், அழ ஆரம்பித்தான். அத்தை (என் மாமியார்) வாங்கிக்கொண்டார்.

வாங்கும்போது சொன்னார்: "நான் வெச்சிருக்கேன், நீ முடி. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சிக்கிடாத. எனக்கு யாரும் இப்படிப் பிள்ளைய வாங்கி வெச்சிக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த ராத்திரி முழுக்க அது மனசில் கிடந்தது. அத்தை திருநெல்வேலி டவுனில் இருந்தபோது நெல்லையப்பர் கோவிலில் சாயங்காலம் தேவாரம் படிக்கிற கூட்டத்தில் இருந்தவர். பண் பிடித்துப் பாடுவார். ரெண்டாவதாகப் பேரன் பிறந்து எங்களோடு வந்து இருக்க ஆரம்பித்ததும் அது நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாக நின்றது. எனக்குக் கிடைத்த அரை மணி நேரங்களில் பாதி அந்தத் தேவாரத்திலிருந்து வந்தது.

மே மாசம் இங்கே வந்த முதல் கேள்விக்கு இப்போதுதான் என்னிடம் சரியான பதில் இருக்கிறது. நேரம் தானாக வராது. ஒருத்தர் தர வேண்டும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒருத்தி தாளை எடுக்கிறாள் என்றால் அந்த நேரத்துக்கு இன்னொருவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் அந்த இன்னொருவரும் ஒரு பெண். அவருக்கும் ஒரு பாட்டோ, ஒரு கோலமோ, சும்மா காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுகிற சுகமோ இருக்கிறது.

2024 அக்டோபர் 15

"அத்தைகளும் அம்மாக்களும் பேரன் பேத்தியைச் சந்தோஷமாகத்தான் பார்க்கிறார்கள், இதில் என்ன கணக்கு?" என்று கேட்டவருக்கு: சந்தோஷமாகத்தான் பார்க்கிறார்கள். நானும் சந்தோஷமாகத்தான் பிள்ளை வளர்க்கிறேன். அதனால் எனக்குக் கை வலிக்காது என்று ஆகிவிடுமா?

2024 அக்டோபர் 27

காத்து சீசன் முடிந்துவிட்டது. வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசினோம். ஏற்பாடு இதுதான்: ஞாயிறு காலை ஏழரையிலிருந்து பத்துவரை பிள்ளைகள் ரெண்டும் அவர் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் அத்தை கோவிலுக்குப் போவார், அப்போது பிள்ளைகள் எங்கள் ரெண்டு பேர் பொறுப்பு. டவுனுக்குப் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்பது மட்டும் அத்தையின் நிபந்தனை.

கிழமையும் நேரமும் குறித்ததுதான் பெரிய மாற்றம். ரசிகமணி டி.கே.சி. வீட்டில் நடந்த இலக்கியக் கூட்டமான வட்டத்தொட்டி, வண்ணார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடும். கிழமை தெரிந்திருந்ததால் வருகிறவர்கள் மற்ற வேலையை அதற்குத் தக்க ஒதுக்கினார்கள். "நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்" என்று விட்டிருந்தால் அது அத்தனை வருஷம் நின்றிருக்காது.

ரெண்டாவது, வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறேன். அம்மா உள் அறையில் இருக்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளை கதவைத் தட்டும். அவருக்கும் டயப்பர் எங்கே, பால் எந்தப் பாத்திரம் என்று கேட்கத் தோன்றும். வெளியே போனால் அவரே தேடி எடுத்துக்கொள்கிறார். முதல் வாரம் மகனுக்கு மகளுடைய பாவாடையைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். மகள் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஒரு பெண் தனியாக உட்கார்ந்து வரைய நம் ஊரில் எங்கே போவது என்று கேட்டால், ஆற்றங்கரையில் ஞாயிறு காலை குளிக்கிற கூட்டம் இருக்கும், தனியாக உட்கார்ந்தால் ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். நான் முதலில் போனது கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோவில், திருச்செந்தூர் ரோட்டில். குறவன் இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற அந்தச் சிற்பத்தின் முன்னால் தூணோரமாக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்தக் குறவன் விலா எலும்பை மட்டும் ஒரு ஞாயிறு முழுக்கப் போடலாம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அது ஒன்றுதான். மழைக் காலத்துக்குப் பாளையங்கோட்டை மியூசியம் நல்லது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

2024 டிசம்பர் 22

மழை. மகளுக்குக் காய்ச்சல், அது போய் மகனுக்கு, அப்புறம் அத்தைக்கு. ஆற்றுக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோவிலைத் தண்ணீர் மூடியது என்று எல்லோரும் போட்டோ அனுப்பினார்கள். இந்த மாசம் ஒரு கோடும் போடவில்லை. மறுபடி தொடங்கும்போது ஒன்பதாவது வளைவு, வலது தூண்.

2025 ஜனவரி 19

பொங்கலுக்கு முன்னால் பாலம் முடிந்தது. இங்கே போட்ட போட்டோவைப் பார்த்து ரெண்டு விதமான பேச்சு.

ஒன்று: "மூத்தவளையும் அதில் கிறுக்க விட்டிருக்கலாமே, பிள்ளை கைபட்டால் அழகு கூடும்." மாட்டேன். என் தாளில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவளுக்குத் தனி நோட்டு உண்டு, தனிப் பேனா உண்டு. அவள் நோட்டில் நானும் கை வைப்பதில்லை, யானைக்கு ஆறு கால் போட்டாலும் திருத்துவதில்லை. அம்மாவுக்கு என்று ஒரு பொருள் இருக்கிறது, அதைத் தொட வேண்டுமென்றால் கேட்க வேண்டும் என்று இந்த வயசில் தெரிந்தால் நல்லதுதானே? சின்னவனுக்குப் புரியாது. அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்து கிளிப்பில் மாட்டி வைக்கிறேன்.

ரெண்டாவது, வீட்டுக்காரரோடு வேலை செய்கிற ஒருவர் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் பாலம் படம் கேட்டார், பணமும் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சே மாறிவிட்டது. "அவளுக்கு ஆர்டர் வேலை இருக்கு, கூப்பிடாதீங்க" என்று பக்கத்து வீட்டு மதினிகூடச் சொல்கிறார். சந்தோஷமா என்றால் பாதி சந்தோஷம். ஆகஸ்டில் பாயைப் பற்றி எழுதியது என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதே பேனா, அதே பாலம், காசு வந்ததும் மரியாதை வந்துவிட்டது. காசு வராத படங்களுக்கும் அந்த ஞாயிறு காலை இருக்க வேண்டும் என்று வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். அடுத்த ஆர்டர் வந்தால் ஞாயிற்றுக்கிழமையில் அதைத் தொட மாட்டேன்.

2025 மார்ச் 30

செங்கோட்டைக்காரர் ஒருவர் (ரெண்டு வயசு மகளுக்கு அப்பா, மிருதங்கம் பழகுகிறவர்) எழுதியிருக்கிறார்: "நான் தினமும் காலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிறேன். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகுதான் அந்த ஒரு மணி நேரம் என் மனைவி அடுக்களையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோசை சுடுகிறாள் என்பது கண்ணில் பட்டது. சாதகத்தை விட வேண்டுமா?"

விட வேண்டாம். மிருதங்கத்துக்குத் தினசரிச் சாதகம் இல்லையென்றால் விரல் போய்விடும், அது எனக்கும் தெரியும். சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுங்கள். அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள். தூங்கினாலும் சரிதான்.

வருகிற காத்து சீசனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பேசியாகிவிட்டது. ஞாயிறு காலை அவரால் முடியாது, அது தெரிந்ததுதான். மகனுக்கு மே மாசம் ரெண்டு வயசு முடிகிறது, தெருக்கோடியில் உள்ள அங்கன்வாடியில் ஜூனில் சேர்க்கிறோம். டீச்சரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வேப்பமரம் இருக்கிறது, மதியச் சாப்பாடு உண்டு, முட்டை உண்டு. மகள் யூ.கே.ஜி. போகிறாள். காலையில் கிடைக்கிற அந்த நேரத்தில் ரெண்டு நாள் எனக்கு, ரெண்டு நாள் அத்தைக்கு, மிச்சம் வீட்டு வேலைக்கு. அத்தை பழைய தேவார நோட்டை எடுத்து அட்டை போடச் சொல்லியிருக்கிறார்.

வாட்டர்கலர் டப்பாவை இறக்கிப் பார்த்தேன். ட்யூபில் ரெண்டு கட்டியாகிவிட்டன, மற்றவை நன்றாக இருக்கின்றன. கட்டியானதைத் தூக்கிப் போடாதீர்கள். ட்யூபை வெட்டிக் கிண்ணத்தில் வைத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டால் கேக் கலர் மாதிரிப் பயன்படுத்தலாம். வாட்டர்கலருக்கான கனமான 300 ஜி.எஸ்.எம். தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைகளில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.